பொட்டாசியம் ஏன் தங்கவில்லை? காவேரிப்பட்டணத்து நோயாளியும் ஸ்டீவன் ஹீபர்ட்டின் ஆய்வுகளும்

நோயாளி 26 வயதுப் பெண். காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு மாங்கூழ் ஆலைக்குப் பருவ வேலைக்குப் போகிறவர். பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்தில் இருக்கும் ஜூன் மாதத்தில், இரவுப் பணி முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு தொடைகளும் துவண்டுவிட்டன. பேச்சில் குழறல் இல்லை, விழுங்குவதில் சிரமம் இல்லை, மூச்சும் சீராக இருந்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். உடம்பில் தெம்பில்லை என்று அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாதி பாட்டில் இறங்குவதற்குள் கைகளையும் தூக்க முடியாமல் போய்விட்டது. அதன் பிறகே ஆம்புலன்ஸ் பிடித்து எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். அவருடைய ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குளுக்கோஸ் ஏறியதும் கை விழுந்தது என்ற அந்த ஒரு தகவல் பாதி நோயைச் சொல்லிவிட்டது. குளுக்கோஸ் உள்ளே போனால் இன்சுலின் சுரக்கும். இன்சுலின் சர்க்கரையோடு பொட்டாசியத்தையும் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் தள்ளும். ஏற்கெனவே பொட்டாசியம் குறைந்திருப்பவருக்கு அந்தத் தள்ளல் போதும், இருக்கிற கொஞ்சமும் ரத்தத்தைவிட்டுப் போய், தசைகள் துவண்டுவிடும். கை கால் விழுந்து வருகிறவருக்குக் காரணம் தெரியாமல் குளுக்கோஸ் ஏற்றும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் ஒழிந்தபாடில்லை.

முதல் மணி நேரத்தில் கிடைத்தவை

ரத்த அழுத்தம் 98/60. நாடி 92. கால் தசைகளின் வலிமை ஐந்துக்கு இரண்டு, கைகளில் மூன்று. முழங்கால் அனிச்சைத் துடிப்பு மங்கலாக இருந்தது. தொடு உணர்வில் குறையில்லை. ஈசிஜியில் டி அலை தட்டையாகி, அதன் பின்னால் யு அலை எழும்பி நின்றது.

செவிலியர் இரண்டாம் முறை ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையை இறுக்கி, வேறு யாரோ கூப்பிட்டதால் சற்று நேரம் தளர்த்தாமல் விட்டுவிட்டார். அந்தப் பக்கத்துக் கை மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் ஒன்றாகக் குவிந்து விறைத்துக்கொண்டன. பட்டையைத் தளர்த்தியதும் மெல்ல விரிந்தன. ட்ரூசோ அறிகுறி என்று பாடப் புத்தகத்தில் படிப்பது இதைத்தான். பொதுவாக இதைக் கண்டால் கால்சியம் குறைவு என்று எழுதிவிடுவோம். இவருக்குக் கால்சியம் 9.2, துல்லியமாக இயல்பு நிலை.

பொட்டாசியம் 2.1 மில்லி ஈக்விவலென்ட், மிகக் குறைவு. ரத்தத்தின் காரத்தன்மையைக் காட்டும் பைகார்பனேட் 31, சற்று அதிகம். கிரியேட்டினின் 0.7. சர்க்கரையும் தைராய்டும் இயல்பு. மெக்னீசியம் 1.1 மில்லிகிராம், 1.7க்குக் கீழே வந்தாலே குறைவு என்று கொள்கிறோம். மெக்னீசியம் பரிசோதனை நம் மாவட்டத்தின் பல ஆய்வகங்களில் 'எலக்ட்ரோலைட்' பட்டியலுக்குள் வராது. தனியாகக் கேட்டு எழுதினால்தான் பார்ப்பார்கள். கை மடங்கியிராவிட்டால் நாங்களும் அன்றிரவே அதைக் கேட்டிருப்போமா என்பது சந்தேகம்தான்.

இந்த மாவட்டத்தில் முதலில் என்ன நினைப்போம்

கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் ஓர் இளம்பெண் பொட்டாசியம் குறைந்து வந்தால், மருத்துவர் மனதில் முதலில் ஓடுவது ஒடுவந்தழை என்ற நச்சு இலை. மலையடிவாரக் கிராமங்களில் அந்த இலையின் பெயர் தெரியாதவர் கிடையாது. அது சிறுநீரகக் குழல்களில் அமிலத்தை வெளியேற்றும் பம்பைக் கெடுத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் இறைக்கும். ஆகவே மாமியாரையும் கணவரையும் வெளியே அனுப்பிவிட்டு, அதைத் தின்றாரா என்று அவரிடம் தனியாகக் கேட்டோம். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் சொன்னதை ரத்தமும் ஒப்புக்கொண்டது: ஒடுவந்தழையில் ரத்தம் அமிலப் பக்கம் சாயும், பைகார்பனேட் இறங்கும். இவருக்கு 31, காரப் பக்கம் ஏறியிருந்தது. சிறுநீரகக் குழல் அமிலத்தேக்கம் என்ற நோயும், அதாவது வேறு காரணங்களால் அதே பம்ப் கெட்டுப்போவதும், இதே கணக்கில் அடிபட்டுப் போனது.

அடுத்தது, நிலத்தடி நீரில் மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு. இந்தப் பெண் பாலக்கோடு பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் ஆழ்குழாய்க் கிணற்று நீரையே குடித்த தலைமுறை. முன்பற்களில் பழுப்புப் பட்டைகள். முழங்கால் வலி என்று அவர் சொன்னபோதெல்லாம் தண்ணீர்க் கோளாறு என்றே எல்லாரும் விட்டிருக்கிறார்கள். பற்களைப் பொறுத்தவரை அது சரி. மூட்டுவலிக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று பிறகு தெரிந்தது: நாட்பட்ட மெக்னீசியம் குறைவு மூட்டுக் குருத்தெலும்பில் கால்சியம் உப்பைப் படிய வைக்கும். ஒரு மாவட்டத்துக்கு ஒரு நோய் பேர் வாங்கிக்கொடுத்துவிட்டால், அங்கே வருகிற எல்லா வலிக்கும் அதன் பெயரையே எழுதிவிடும் சோம்பல் நமக்கு வந்துவிடுகிறது.

காரத்தன்மையோடு பொட்டாசியம் குறைந்து, ரத்த அழுத்தமும் தாழ்ந்திருந்தால் மீதி மூன்று வாய்ப்புகள்தான். ஓயாத வாந்தி. நீர் பிரிக்கும் மாத்திரைகளை மறைவாகப் போட்டுக்கொள்வது. அல்லது உப்பைத் தக்கவைக்கத் தெரியாத சிறுநீரகம். இவற்றைப் பிரித்துக் காட்ட நுணுக்கமான கருவி எதுவும் தேவையில்லை. பொட்டாசியம் ஏற்றத் தொடங்கும் முன் ஒரு குப்பியில் சிறுநீர் பிடித்து வைத்தால் போதும்.

அந்தக் குப்பி சொன்னது இது. சிறுநீரில் பொட்டாசியம் லிட்டருக்கு 38, கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராம். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 63 என்று கணக்கு வருகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் இல்லாமல் திண்டாடும்போது சிறுநீரகம் அதை இறுக்கிப் பிடித்து 13க்குக் கீழே கொண்டுவந்திருக்க வேண்டும். குளோரைடு 110. வாந்தி எடுப்பவர் என்றால் அது 20ஐத் தாண்டாது. கால்சியம் வெறும் 2.1, கிரியேட்டினினோடு ஒப்பிட்டால் 0.035, இயல்பைவிட மிகக் குறைவு.

கடைசி எண் முக்கியம். சிறுநீரகம் உப்பையும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் கொட்டிவிட்டு, கால்சியத்தை மட்டும் கஞ்சத்தனமாகப் பிடித்துவைக்கிறது. தயாசைடு என்ற நீர் பிரிக்கும் வகை மாத்திரை சாப்பிடுகிறவரின் சிறுநீர் இப்படித்தான் இருக்கும். ஆனால் மாத்திரையின் விளைவு போட்ட நேரத்துக்கு ஏறும், விட்டால் இறங்கும். வார்டில், எங்கள் கண் முன்னால் இருந்த நாட்களிலும் குளோரைடு இறங்கவே இல்லை. மாத்திரை இல்லாமலேயே மாத்திரை போட்டது போல் இயங்கும் சிறுநீரகம். இதற்குப் பெயர் கிட்டல்மன் நோய்.

உப்புக் கதை

நோயின் பெயர் மனதுக்கு வந்த பிறகுதான் கேட்க வேண்டிய கேள்வி வந்தது. உப்பு எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்றோம். பெண் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அம்மாதான் பதில் சொன்னார்: "சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் டாக்டரம்மா. உப்புச் சாடியில் கை விட்டு அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். உப்பைத் தின்றால் ரத்தம் சுண்டிப்போகும் என்று எத்தனையோ அடி அடித்திருக்கிறேன்." தலைமாட்டில் இருந்த துணிப் பையில் காகிதத்தில் மடித்த கல் உப்பு இருந்தது. ஒரு கல்லை நாக்கடியில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் கால் குடைச்சல் குறைகிறது என்று அவரே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

இதை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்றால், கவனிக்க வேண்டிய ஊரில் அவர் வாழவில்லை. மாங்கூழ் ஆலையில் வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேரும் செங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பவர்கள்தான். இவர் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தொட்டுக்கொண்டார், அவ்வளவுதான். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிப்பதும், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதும் வீட்டுக்குப் பழகிப்போயிருந்தது. ஆலையில், அடிக்கடி வெளியே போகிறார் என்று மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். ஜூன் புழுக்கத்தில் நீராவிக் குழாய்களின் பக்கத்தில் இரவு முழுவதும் நின்று வேர்த்தது, ஏற்கெனவே ஓட்டையான கணக்கில் இன்னொரு செலவைச் சேர்த்தது. முறிந்தது அன்றிரவுதான்.

மூன்று கண்டுபிடிப்புகள், ஒரே ஆண்டு

இங்கே நோயாளியைக் கொஞ்ச நேரம் படுக்கவைத்துவிட்டு, ஸ்டீவன் ஹீபர்ட் என்ற அமெரிக்கச் சிறுநீரக ஆய்வாளரைப் பற்றிப் பேச வேண்டும். இந்தப் பெண்ணின் பரிசோதனைத் தாளில் உள்ள எண்களை எங்களால் வாசிக்க முடிந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2008இல் அவர் காலமானார்.

சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதில் கரைந்திருக்கும் சாதாரண உப்பு மட்டும் ஒன்றரைக் கிலோ. கிட்டத்தட்ட முழுவதையும் நுண்குழல்கள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. முதல் சுருளில் பெரும்பகுதி. ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியில் கால் பங்கு. அதற்கு அடுத்த தொலைச்சுருளில் ஐந்து முதல் பத்து சதவீதம். கடைசியாகச் சேகரிப்புக் குழலில் மிச்சம் மீதி. இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தது. எந்தப் புரதம் எந்த வாசலில் நின்று இந்த வேலையைச் செய்கிறது என்பதுதான் 1990கள் வரை புலப்படவில்லை. 1958இல் குளோரோதயாசைடு சந்தைக்கு வந்து, உலகெங்கும் ரத்த அழுத்தத்துக்கு மருத்துவர்கள் அதை எழுதித் தள்ளினார்கள். அது எந்தப் புரதத்தின் மேல் போய் உட்காருகிறது என்பது முப்பத்தைந்து ஆண்டுகள் யாருக்கும் தெரியாது.

ஹீபர்ட் தன் தொடக்கக் காலத்தில் தாமஸ் ஆண்ட்ரியோலியுடன் சேர்ந்து எலியின் தடித்த ஏறுபகுதியைத் தனியாகப் பிரித்தெடுத்து, அந்த முடி போன்ற குழலுக்குள் திரவத்தைச் செலுத்தி உப்பு எப்படிக் கடக்கிறது என்று அளந்தவர். பொறுமையைச் சோதிக்கிற வேலை. குழலை அளந்து பழகிய அந்தக் கைதான் பிறகு ஹார்வர்டில் மரபணுப் பக்கம் திரும்பியது. மூலக்கூறு உயிரியல் வேகமெடுத்த அந்தக் காலத்தில் உடலியங்கியல் பழைய படிப்பு என்று ஒதுங்கியவர்கள் பலர். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று பழைய படிப்பு அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

முதல் கண்டுபிடிப்பு மீனிலிருந்து வந்தது. அட்லாண்டிக் கடலின் ஒரு தட்டைமீன். நம் கடற்கரையில் நாக்கு மீன் என்று விற்கும் வகைக்குத் தூரத்துச் சொந்தம். அதன் சிறுநீர்ப்பை உப்பைத் திரும்ப உறிஞ்சக்கூடியது, தயாசைடு கொடுத்தால் உறிஞ்சுவதை நிறுத்திவிடும் என்பது முன்பே தெரிந்த செய்தி. பாலூட்டியின் சிறுநீரகத்தில் தொலைச்சுருள் மிகச் சிறிய பகுதி. அதன் செல்களை மட்டும் பிரித்தெடுப்பது பெரும் பாடு. மீனின் சிறுநீர்ப்பையிலோ அந்தப் புரதம் தாராளமாகக் கிடைக்கும். ஹீபர்ட்டின் ஆய்வகத்தில் மெக்சிகோவிலிருந்து வந்திருந்த ஹெரார்டோ காம்பா, அந்தச் சிறுநீர்ப்பையின் ஆர்.என்.ஏ.வை எடுத்து ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைகளில் செலுத்தினார். தவளை முட்டை, தனக்குக் கொடுத்த குறிப்பைப் படித்துப் புரதத்தைச் செய்து தன் சவ்வில் பதித்துக்கொள்ளும். எந்தத் துண்டைச் செலுத்தினால் முட்டை சோடியத்தை இழுக்கிறது, தயாசைடு வகை மருந்து கொடுத்தால் இழுப்பது நிற்கிறது என்று குவியல் குவியலாகப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஒரு மரபணு கையில் மிஞ்சும். 1993இல் அது வெளியானது. சோடியத்தையும் குளோரைடையும் சேர்த்துக் கடத்தும் அந்தப் புரதத்தைச் சுருக்கமாக என்.சி.சி. என்கிறோம்.

அதே ஆண்டு, அதே ஆய்வகம், அதே தவளை முட்டை முறை. கெவின் ஹோ முதல் ஆசிரியராக இருந்த கட்டுரையில், எலிச் சிறுநீரகத்திலிருந்து ஒரு பொட்டாசிய வாய்க்கால் வெளியே வந்தது. ரோம்க் என்று பெயர் வைத்தார்கள். 391 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறிய புரதம். அதுவரை தெரிந்திருந்த பொட்டாசிய வாய்க்கால்கள் சவ்வை ஆறு முறை துளைத்துச் செல்பவை. இதுவோ இரண்டே முறை துளைக்கும் புதிய வகை. ஒரு குடும்பத்தின் முதல் உறுப்பினர். சிறுநீரில் வரும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி வடிகட்டி வந்தது அல்ல, கடைசிக் குழல்கள் புதிதாகச் சுரந்தது என்பதை 1964இலேயே கெர்ஹார்ட் கீபிஷும் பிரேசிலின் மால்னிக்கும் எலியின் குழல்களில் ஊசி குத்தி நிறுவியிருந்தார்கள். சுரக்கும் வாசல் எது என்ற கேள்விக்கு ரோம்க் விடையானது. பின்னாளில் யேலில் ஹீபர்ட்டும் கீபிஷும் ஒரே துறையில் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ரோம்க் இல்லாத எலிகளை உருவாக்கி, மின்முனையில் பார்த்த வாய்க்காலும் தவளை முட்டையில் பிடித்த மரபணுவும் ஒன்றுதான் என்று உறுதிசெய்தார்கள்.

மூன்றாவது, எட்வர்ட் பிரவுனோடு சேர்ந்து மாட்டின் பாராதைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த கால்சியம் உணர்வி. அதுவும் 1993தான். இந்தப் பெண்ணுக்கு அதனோடு நேரடித் தொடர்பில்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு நாங்கள் எழுதும் சினகால்செட் மாத்திரை அந்த உணர்வியில் போய் உட்கார்ந்துதான் வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டு நகர்கிறேன். அடுத்த ஆண்டு, ஃபுரோசமைடு என்ற இன்னொரு நீர் பிரிக்கும் மருந்து தடுக்கும் கடத்தியின் மரபணுவும் காம்பா, ஹீபர்ட் குழுவிடமிருந்து வந்தது.

மீன், தவளை, எலி, மாடு. அவருடைய கட்டுரைத் தலைப்புகளை மட்டும் பார்க்கிறவருக்கு நிலைகொள்ளாமல் அலைந்தவர் என்று தோன்றும். நான் வாசிக்கும் விதம் வேறு: தடித்த ஏறுபகுதியிலும் அதையொட்டிய சில மில்லிமீட்டர் குழலிலும் என்ன நடக்கிறது என்ற ஒரே கேள்வியை அவர் விடவே இல்லை, எந்தப் பிராணியிடம் விடை எளிதாகக் கிடைக்குமோ அங்கே போனார். இப்போது ஆய்வாளர்களின் கட்டுரைப் பட்டியலை எண்ணிக்கையாலும் மேற்கோள் குறியீட்டாலும் அளக்கிறார்கள். அந்த அளவுகோலில் 1993ஆம் ஆண்டு மூன்று வரிகளாகத்தான் தெரியும்.

மரபணுக்கள் கைக்கு வந்த பிறகு, நோய்க் குடும்பங்கள் வரிசையாக விளங்கின. 1962இல் ஃபிரெடரிக் பார்ட்டர் விவரித்த நோயும், 1966இல் ஹிலெல் கிட்டல்மன் தன் சகாக்களோடு விவரித்த நோயும் எந்தப் புரதத்தின் பிழை என்று 1996இல் யேலின் ரிச்சர்ட் லிஃப்டன் குழு காட்டியது. பார்ட்டரில் ஃபுரோசமைடுக் கடத்தியோ ரோம்க் வாய்க்காலோ கெட்டிருந்தது. கிட்டல்மனில் என்.சி.சி. கெட்டிருந்தது. நோய்க் குடும்பங்களைத் தேடிச் சேர்த்தது லிஃப்டனின் உழைப்பு. எங்கே தேட வேண்டும் என்ற முகவரியை ஹீபர்ட்டின் ஆய்வகம் முன்பே எழுதிவைத்திருந்தது. நோய்களுக்கு மருத்துவர்களின் பெயர் நின்றுவிட்டது. வாய்க்காலுக்குப் பெயர் வைத்தவரின் பெயர் எங்கள் மாணவர்களுக்குத் தெரியாது; சுற்றுப்பார்வையின்போது கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

மெக்னீசியம் என்ற அடைப்பான்

இனி படுக்கைக்கு வருவோம். என்.சி.சி. வேலை செய்யாததால் தொலைச்சுருளில் எடுக்க வேண்டிய உப்பு எடுக்கப்படாமல் கீழே ஓடுகிறது. உடம்பில் உப்பும் நீரும் குறைய, உப்பைத் தக்கவைக்கச் சொல்லும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் ஏறுகிறது. கீழே உள்ள சேகரிப்புக் குழல் அதன் கட்டளைக்குப் பணிந்து, வருகிற சோடியத்தில் முடிந்ததை உள்ளே இழுத்துக்கொண்டு, பதிலுக்கு ரோம்க் வழியாகப் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. அமிலமும் சேர்ந்து போவதால் ரத்தம் காரமாகிறது. ரத்த அழுத்தம் 98இல் நின்றதற்கும், பைகார்பனேட் 31 ஆனதற்கும், பொட்டாசியம் 2.1க்கு இறங்கியதற்கும் இந்த ஒரே ஓட்டம்தான் காரணம்.

முதல் நாள் இரவு நார்மல் சலைனில் பொட்டாசியம் குளோரைடு கலந்து, ஈசிஜி திரையைப் பார்த்துக்கொண்டே மணிக்குப் பத்து மில்லி ஈக்விவலென்ட் வீதம் ஏற்றினோம். குளுக்கோஸ் பாட்டிலைக் கிட்டவே விடவில்லை. விடியும்போது 2.4. மெக்னீசியம் முடிவு இரவில் வந்திருந்தும் ஊசி மருந்து காலையில்தான் கைக்கு வந்தது. கொடுத்த அளவுக்கு 2.4 என்பது மிகச் சொற்பம். ஏற்றியதெல்லாம் சிறுநீர்ப் பையில் சேர்ந்துகொண்டிருந்தது.

ரோம்க் வாய்க்காலின் ஒரு குணம் இங்கே தலையிடுகிறது. செல்லுக்குள் இருக்கும் மெக்னீசியம் அயனிகள் உள்பக்கத்திலிருந்து அந்த வாய்க்காலின் துளைக்குள் வந்து உட்கார்ந்து அதை அடைக்கும். தண்ணீர்த் தொட்டியின் அடியில் துணி சுருட்டி அடைப்பது போல. அதனால்தான் இயல்பான நிலையில் பொட்டாசியம் கட்டுமீறி வெளியேறுவதில்லை. செல்லுக்குள் மெக்னீசியம் வற்றினால் அடைப்பான் உருவப்பட்டு விடுகிறது. அந்த நேரத்தில் ஆல்டோஸ்டிரோனும் ஏறியிருந்தால், மேலேயிருந்து எவ்வளவு பொட்டாசியம் ஊற்றினாலும் கீழே ஒழுகும். சோ-லாங் ஹுவாங்கும் குவோவும் 2007இல் இந்த விளக்கத்தைத் தெளிவாக எழுதிவைத்தார்கள். மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் ஏறாது என்பதை மருத்துவர்கள் அனுபவத்தில் அறிந்து வைத்திருந்தார்கள். அது ஏன் என்பது 1993இல் அந்த வாய்க்கால் கிடைத்த பிறகே பேசக்கூடியதானது.

காலையில் மெக்னீசியம் சல்பேட் இரண்டு கிராம் மெதுவாக ஏற்றினோம், மறுநாளும் கொடுத்தோம். பொட்டாசியத்தின் வேகத்தைக் கூட்டவில்லை. அன்று மாலை 2.9, மறுநாள் 3.3. மாலையில் கைகளைத் தலைக்கு மேல் தூக்கினார். மறுநாள் காலை, யாரும் சொல்லாமலேயே எழுந்து கழிப்பறைக்கு நடந்துபோய்விட்டார். செவிலியரிடம் அதற்கும் திட்டு வாங்கினார்.

குடும்பம்

அவருடைய அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன். அதாவது பாட்டியின் தம்பியை அம்மா மணந்திருக்கிறார். இந்தப் பகுதியில் இது கேட்டால் யாரும் புருவம் உயர்த்தாத உறவு. கிட்டல்மன் நோய் வர, மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டிருக்க வேண்டும். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து இறங்கிய ஒரே பிழை, இரு பக்கமாகவும் வந்து சேர இத்தகைய மணம் வழி செய்கிறது. ரத்த மாதிரியைப் பெங்களூருக்கு அனுப்பினோம். எதிர்பார்த்ததே வந்தது: என்.சி.சி.யின் மரபணுவில் ஒரே பிறழ்வு, இரண்டு பிரதிகளிலும்.

தம்பிக்கு 22 வயது, ஓசூரில் வேலை. எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டுதான் ரத்தம் கொடுத்தார். பொட்டாசியம் 2.9, மெக்னீசியம் 1.4. ஊறுகாய் இல்லாமல் சாப்பாட்டில் உட்காரமாட்டான் என்று அக்கா சொன்னார். பெற்றோர் இருவருக்கும் எண்கள் இயல்பு. இருவரின் ரத்த அழுத்தமும் வயதுக்குத் தாழ்ந்தே இருந்தது. ஒற்றைப் பிரதி கெட்டவர்களுக்கு இப்படி இருக்கக்கூடும். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஆய்வில் பங்கேற்ற 3,125 பேரின் மரபணுக்களை லிஃப்டன் குழு 2008இல் பரிசோதித்தபோது, இந்தக் கடத்திகளிலும் ரோம்க்கிலும் ஒற்றைப் பிழை கொண்டவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைவாக இருந்தது தெரியவந்தது. இரண்டு பேரை வைத்துக்கொண்டு எங்கள் வார்டில் நான் எதையும் நிரூபிக்க முடியாது. பார்த்ததைப் பதிந்துவைக்கிறேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கணவர் சொந்த அத்தை மகன். அப்பாவிடம் உள்ள அந்த ஒரு பிழை, அப்பாவின் அக்காவிடம் இருக்கப் பாதி வாய்ப்பு; அவர் மகனிடம் இருக்கக் கால் வாய்ப்பு. பெண்ணிடமிருந்து குழந்தைக்குக் கெட்ட பிரதி கட்டாயம் போகும். கணவரிடமும் இருந்தால் பிறக்கும் குழந்தைகளில் பாதிப் பேருக்கு நோய் வரலாம். இதை விளக்கியபோது மாமியார் கேட்டார்: "அப்படியானால் எங்கள் வீட்டுக் கோளாறா, அவர்கள் வீட்டுக் கோளாறா?" இரண்டும் ஒரே வீடுதானே அம்மா என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு பேச்சு இலகுவானது. மருமகளைத் திட்டும் தொனி போய்விட்டது.

வீட்டுக்கு அனுப்பியபோது

பொட்டாசியம் குளோரைடு சிரப் தண்ணீரில் கலந்து நாளுக்கு மூன்று வேளை, மெக்னீசியம் மாத்திரை பிரித்துப் பிரித்து. ஒரேயடியாகக் கொடுத்தால் வயிற்றோட்டம் வந்து உள்ளதும் போகும். 2017இல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் பரிந்துரை பொட்டாசியத்துக்கு 3.0, மெக்னீசியத்துக்கு லிட்டருக்கு 0.6 மில்லிமோல் என்ற இலக்கையே வைக்கிறது. முழு இயல்பைத் துரத்தினால் வயிறுதான் கெடும். ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தால் எண்கள் இன்னும் நன்றாக இருக்கும். குழந்தை வேண்டும் என்று காத்திருக்கிறவருக்கு அதை எழுத மனம் வரவில்லை. கருவுக்கு அது உகந்ததில்லை.

உணவில் நாங்கள் மாற்றியது குறைவு. இளநீரும் வாழைப்பழமும் சாப்பிட்டால் போதாதா என்று கேட்டார்கள். பழத்தில் உள்ள பொட்டாசியம் சிட்ரேட் போன்ற உப்பாக வருகிறது. இவருக்குப் பொட்டாசியத்தோடு குளோரைடும் வேண்டும், அதனால் சிரப்பை விட முடியாது. கேழ்வரகுக் களியைத் தொடரச் சொன்னேன்: நூறு கிராம் கேழ்வரகில் மெக்னீசியம் சுமார் 140 மில்லிகிராம் இருக்கும். உப்பைக் குறைக்கச் சொல்லியே பழகிய என் வாயால், தாராளமாக உப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக்கொடுத்தேன். அம்மாவுக்குத்தான் அதை நம்ப நேரம் பிடித்தது. சீட்டைக் கையில் வாங்கி, மகளைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, உண்மையாகவா என்றார்.

ஓர் அட்டையும் கொடுத்திருக்கிறோம். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் காட்ட வேண்டியது: கிட்டல்மன் நோய், குளுக்கோஸ் டிரிப் தனியாக ஏற்ற வேண்டாம், நீர் பிரிக்கும் மாத்திரை வேண்டாம், அசித்ரோமைசின், ஒன்டான்செட்ரான் போன்றவற்றுக்கு முன் ஈசிஜியும் பொட்டாசியமும் பாருங்கள், வாந்தி பேதி வந்தால் காத்திருக்காமல் அழைத்துவாருங்கள். தமிழிலேயே அச்சிட்டோம், அவசரத்தில் அட்டையை நீட்டப்போகிறவர் கணவரோ மாமியாரோதான்.

ஆகஸ்டில் வந்தபோது பொட்டாசியம் 3.1, மெக்னீசியம் 1.5. கால் குடைச்சல் இல்லை. முழங்கால் வலி கொஞ்சம் இருக்கிறது. எக்ஸ்ரேயில் குருத்தெலும்புப் படிவு தெரியவில்லை, ஆண்டுக்கொரு முறை பார்க்கலாம் என்று குறித்திருக்கிறேன். மாம்பழப் பருவம் முடிந்து ஆலை மூடிவிட்டது. தம்பியும் சிரப் குடிக்கத் தொடங்கியிருக்கிறார், ருசியைக் குறை சொல்லிக்கொண்டே. கணவரின் ரத்த மாதிரி பெங்களூருக்குப் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.